நீண்டநாள் நோய் இருக்குறவங்க அவசரமா வீட்டை விட்டுக் கிளம்பணும்னா: முழுமையான வழிகாட்டி

வெள்ளம், புயல், தீ, நிலநடுக்கம், ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்லாம போறதுன்னு எதுவா வேணா இருக்கட்டும், தினமும் மருந்தோ மெஷினோ தேவைப்படுற ஒருத்தர் வீட்ல இருந்தா வழக்கமா சொல்ற "டார்ச், தண்ணி, பிஸ்கட்" லிஸ்ட் பத்தாது. எங்க அப்பா டயாலிசிஸ்ல இருந்தாரு, அக்காவுக்கு டைப் 1 சுகர் (உடம்பு இன்சுலினே சுரக்காத வகை), அதனால நாங்க இதை பல தடவை செஞ்சு தப்பு பண்ணி திருத்தி, அப்புறம் தெரிஞ்ச குடும்பங்களுக்கும் கூடவே உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கேன். புதுசா செய்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே இடத்துலதான் தடுக்குறாங்க, முதல் நாளே ஒரு பெரிய பையை வாங்கி நிரப்ப ஆரம்பிச்சிடுறாங்க. இந்த வழிகாட்டில பை எட்டாவதாதான் வருது.

ஆரம்பிக்கும்போது கையில இருக்க வேண்டியது: எல்லா மருந்து அட்டைகளும், கடைசி ரெண்டு பிரிஸ்கிரிப்ஷன், மெஷின் இருந்தா அதோட பின்பக்க லேபிள்ல எழுதியிருக்குற வாட் அளவு, ஒரு நோட்டு, பேனா. டோஸ் மாத்துறது, மருந்து நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டர் சொல்ற படிதான், இங்க நான் சொல்றது ஏற்பாடு மட்டும்.

1. முதல்ல மணிக்கணக்கு போடுங்க

நோட்டுல எல்லா மருந்து, மெஷின், சிகிச்சை பேரையும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இது இல்லாம எவ்வளவு நேரம் தாங்கும்"னு எழுதுங்க. இந்த ஒரு பக்கம்தான் மத்த எல்லாத்தையும் முடிவு பண்ணும், எதை உடம்போட கட்டிக்கணும், எதை பையில போடணும், எது விட்டுப் போனாலும் பரவாயில்லைன்னு.

நிமிஷக் கணக்கு: வென்டிலேட்டர், நாள் பூரா ஆக்சிஜன் வேணுங்கிறவங்க, ஆஸ்துமா அட்டாக்குக்கு அடிக்கிற இன்ஹேலர், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வெக்குற மாத்திரை, அலர்ஜிக்கான அட்ரினலின் ஊசி.

மணி கணக்கு: டைப் 1 இன்சுலின், வலிப்பு மாத்திரை, பார்கின்சனுக்கான லெவோடோபா, அட்ரினல் சுரப்பி வேலை செய்யாதவங்களோட ஹைட்ரோகார்டிசோன்.

நாள் கணக்கு: டயாலிசிஸ், பீட்டா பிளாக்கர் (பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்குற மாத்திரை), ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை, ஸ்டென்ட் வெச்சவங்க சாப்பிடுறது, உறுப்பு மாற்று செஞ்சவங்களோட மாத்திரைகள். நாள் கணக்குன்னா ஒரு வேளை விடலாம்னு அர்த்தம் இல்ல, ஓடிப் போய் வாங்கிட்டு வர கொஞ்சம் அவகாசம் இருக்குன்னு மட்டும்தான்.

வாரக் கணக்கு: தைராய்டு மாத்திரை இந்த வகை, லெவோதைராக்சின் உடம்புல பாதியா குறையவே கிட்டத்தட்ட 7 நாள் ஆகும். கொலஸ்ட்ரால் மாத்திரையும் பெரும்பாலும் இதுலதான்.

இங்க நடக்குற பெரிய தப்பு, நோய் பெருசா சின்னதான்னு பாத்து வரிசை போடுறது. மூட்டுவலிக்கோ தோல் வியாதிக்கோ மாசக்கணக்கா பிரெட்னிசோலோன் சாப்பிடுறவங்க "அது சும்மா வலி மாத்திரை"ன்னு கடைசில எழுதுவாங்க. ஆனா ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தா உடம்பு தானா சுரக்குறதைக் குறைச்சிடும், திடீர்னு நிறுத்தினா பிபி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளோனிடின்னு ஒரு பிபி மாத்திரை இருக்கு, சட்டுனு நின்னா பிபி முன்ன இருந்ததை விட மேல ஏறும். மனநல மருந்து குளோசாபின் 48 மணிநேரத்துக்கு மேல விட்டுப் போச்சுன்னா பழைய டோஸ்லயே திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, டாக்டர் சின்ன டோஸ்ல இருந்து ஏத்திட்டு வரணும். அதனால நீங்களா ஊகிக்காதீங்க, எழுதுனதை அடுத்த படியில டாக்டர்கிட்ட காட்டி சரி பாக்கணும்.

2. டாக்டர்கிட்ட ஒரே விசிட்ல கேட்டுடுங்க

போறதுக்கு முன்னாடியே கேள்வியை எழுதி வெச்சுக்கோங்க, உள்ள போனதும் பாதி மறந்துடும், பின்னாடி அடுத்த பேஷண்ட் வேற நிப்பாங்க.

கேட்க வேண்டியது இது: இதுல எது எத்தனை மணிநேரம் தவறினா ஆபத்து? சாப்பாடே கிடைக்கலன்னா சுகர் மாத்திரையை என்ன பண்றது (கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைய வெறும் வயித்துல போட்டா சுகர் ரொம்ப இறங்கிடும்)? வாந்தி, பேதி வந்து தண்ணி வத்திப்போனா எதை நிறுத்தணும்? லித்தியம்ங்கிற மனநல மருந்து எடுக்குறவங்க இந்தக் கடைசிக் கேள்வியை கண்டிப்பா கேளுங்க, உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் அளவு ஏறிடும்.

கூடவே ரெண்டு வாரத்துக்கு கூடுதல் மருந்துக்கு பிரிஸ்கிரிப்ஷன், நோய் விவரமும் மெஷின் தேவையும் எழுதின ஒரு கடிதம். ஊசி, சிரிஞ்ச், வலி நிவாரணி எடுத்துட்டுப் போறப்போ வழியில யாராவது கேட்டா இந்தக் கடிதம் உதவும்.

3. ஒரு பக்கத்துல எல்லா விவரமும்

முகாம்ல இருக்குற டாக்டருக்கு உங்களைத் தெரியாது, ஃபைல் வீட்ல நனைஞ்சு கிடக்கும், பேஷண்ட் பேசுற நிலைமைல இல்லாமலும் இருக்கலாம். அதனால ஒரே பக்கம், பெரிய எழுத்து.

பேரு, வயசு, நோய், அலர்ஜி, மருந்தோட பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம். மருந்தோட வேதிப்பேரை எழுதுங்க, அட்டை மேல பெருசா போட்டிருக்குற கம்பெனி பேரை மட்டும் எழுதிடாதீங்க, வேற ஊர்ல அந்தக் கம்பெனி மாத்திரை கிடைக்காது, வேதிப்பேர் இருந்தா அதே மருந்தை வேற பேர்ல கொடுப்பாங்க. மெஷின் இருந்தா மாடல், செட்டிங்: ஆக்சிஜன் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், சிபாப்னா (தூக்கத்துல மூச்சு அடைக்காம காத்தை அழுத்தி அனுப்புற மெஷின்) எவ்வளவு பிரஷர். டயாலிசிஸ்னா ஃபிஸ்டுலா (ஊசி குத்துறதுக்காக ரத்தக்குழாயை இணைச்ச இடம்) எந்தக் கை, டிரை வெயிட் (கூடுதல் தண்ணியை எடுத்தப்புறம் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு. பேஸ்மேக்கர், ஸ்டென்ட் இருந்தா எப்ப வெச்சது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிட்டா கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறையுற நேரத்தைப் பாக்குற டெஸ்ட்) அளவு.

நாலு காப்பி எடுங்க: பர்ஸ்ல ஒண்ணு, பையில ஒண்ணு, ஃபோன்ல ஃபோட்டோவா, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்குற சொந்தக்காரர்கிட்ட. ஃபோன் லாக் ஸ்கிரீன்லயே தெரியுற மாதிரி அவசர மருத்துவ விவரம் போடுற வசதி இப்ப பெரும்பாலான ஃபோன்ல இருக்கு, அதையும் நிரப்பி வைங்க. மருந்து மாறுனா நாலு காப்பியும் மாறணும், அதனால மேல தேதி போடுங்க. ரெண்டு காப்பி ரெண்டு டோஸ் சொல்லுச்சுன்னா பாக்குறவங்க எதை நம்புவாங்க?

4. மருந்து இருப்பு

குறைஞ்சது 7 நாளுக்கு, முடிஞ்சா 14 நாளுக்கு. ஒரே தடவையா வாங்க முடியலன்னா ஒவ்வொரு மாசமும் ரெண்டு மூணு நாள் முன்னாடியே வாங்கிட்டு வாங்க, அஞ்சாறு மாசத்துல தானா சேர்ந்துடும்.

சேர்ந்ததை அப்படியே பையில பூட்டி வெச்சிடுறதுதான் தப்பு, ரெண்டு வருஷம் கழிச்சு திறந்தா எல்லாம் எக்ஸ்பைரி. புது அட்டை வாங்கிட்டு வந்ததும் அதை பையில போட்டு, பையில இருந்த பழசை எடுத்து சாப்பிடுங்க. இதை ஒரு பழக்கமா ஆக்கிட்டா தேதி பாக்குற வேலையே கம்மி.

மாத்திரையை அட்டைல இருந்து பிரிச்சு பேரில்லாத டப்பால போடாதீங்க. வீட்ல நமக்குத் தெரியும் வெள்ளை எது மஞ்சள் எதுன்னு, நர்ஸுக்குத் தெரியாது. காரோட டிக்கிலயும் வெக்காதீங்க, வெயில்ல உள்ள ஏறுற சூடு மாத்திரைக்கும் ஆகாது, சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கும் ஆகாது.

5. இன்சுலினும் சுகரும்

இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, அதிகமா பயமும் குழப்பமும் பாத்தது இங்கதான்.

திறக்காத இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். ஆனா கரண்ட் போச்சுன்னா உடனே கெட்டுடாது. 30 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கிட்டா பெரும்பாலான இன்சுலின் ஃபிரிட்ஜுக்கு வெளிய 28 நாள் வரைக்கும் தாங்கும், உங்க இன்சுலினுக்கு எத்தனை நாள்னு பெட்டிக்குள்ள இருக்குற தாள்ல பாத்து அட்டைப்பெட்டி மேலயே எழுதி வைங்க. வெளிய எடுத்த தேதியையும் எழுதணும்.

இது தெரியாமதான் பலபேர் ஐஸ் கட்டி மேல நேரா இன்சுலினை வெச்சிடுறாங்க. உறைஞ்சு போன இன்சுலினை திரும்ப உருக வெச்சு போடவே கூடாது, தூக்கித்தான் போடணும். வெயிலும் உறையுறதும் ரெண்டுமே எதிரி, ஆனா நான் பாத்த வீடுகள்ல வீணாப் போனது பெரும்பாலும் ஐஸாலதான். துணில சுத்தி, நடுவுல இன்னொரு துணி குடுத்து வைங்க. தண்ணில நனைச்சா தானா குளிர்ச்சியா இருக்குற பை விக்குது, ஐஸே வேணாம், அது ரொம்ப வசதி. அதுவும் இல்லன்னா ஈர மண்பானைக்குள்ள டப்பால போட்டு நிழல்ல வைங்க.

தெளிவா இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கலா தெரிஞ்சாலோ, கலங்கலான வகையில கட்டி கட்டியா நின்னாலோ போடாதீங்க. அதே நேரம் ஒண்ணு சொல்லணும், வேற இன்சுலின் எதுவுமே கிடைக்காத நிலைமைல, கொஞ்சம் சூடு பட்டுடுச்சேன்னு டைப் 1 இருக்குறவங்க இன்சுலினை நிறுத்திடக் கூடாது. இருக்குறதைப் போட்டுட்டு சுகரை அடிக்கடி பாத்து, சீக்கிரமா நல்ல இன்சுலினுக்கு வழி பண்ணணும்.

இன்சுலின் பம்ப் போட்டிருக்குறவங்க இன்சுலின் பேனாவோ சிரிஞ்சோ கட்டாயம் கூட வெச்சுக்கணும், நீண்டநேரம் வேலை செய்ற இன்சுலினோட அளவை டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கணும். பம்ப்ல ஓடுறது உடம்புல வேலை சீக்கிரம் தீர்ந்து போற வகை, நின்ன சில மணிநேரத்துல கீட்டோன் (இன்சுலின் இல்லாதப்போ ரத்தத்துல சேர்ற அமிலம்) ஏற ஆரம்பிச்சிடும். கீட்டோன் ஸ்ட்ரிப்பும் வைங்க.

சுகர் 70க்கு கீழ இறங்குனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட், இன்னும் கம்மின்னா திரும்ப 15 கிராம். குளுக்கோஸ் மாத்திரை பையில இருந்தா பத்தாது, சட்டைப்பையிலயே இருக்கணும். நடக்குறது, சுமக்குறது, சாப்பாடு தள்ளிப்போறதுன்னு கிளம்புற நாள்லதான் சுகர் இறங்கும்.

அப்புறம் செருப்பு. சுகர் இருக்குறவங்க வெள்ளத் தண்ணில வெறுங்காலோட இறங்கக் கூடாது. கால் மரத்துப் போயிருந்தா கண்ணாடி குத்துனாலும் தெரியாது. மூடுன ஷூ ஒரு ஜோடி கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும்.

6. கரண்ட்ல ஓடுற மெஷின்

கணக்கு சுலபம்: பேட்டரியோட வாட்-அவரை (அதுல எவ்வளவு கரண்ட் சேர்த்து வெக்க முடியும்ங்கிற அளவு) மெஷினோட வாட்டால வகுத்தா எத்தனை மணிநேரம்னு வரும். 350 வாட் எடுக்குற ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை (காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் கொடுக்குற மெஷின்) 1000 வாட்-அவர் பேட்டரில போட்டா கணக்குப்படி கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிஷம், ஆனா இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தைக் கழிச்சா ரெண்டரை மணிநேரத்துக்கும் கம்மிதான் ஓடும். "பேட்டரி வாங்கிட்டேன், ராத்திரி பூரா ஓடும்"னு சொன்ன பலபேர் இந்த வகுத்தலைப் போட்டுப் பாக்கவே இல்ல.

அதனால ஆக்சிஜனுக்கு சிலிண்டர் பேக்கப் வேணும். சிலிண்டர்ல இருக்குற லிட்டரை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டரோ அதால வகுங்க: 680 லிட்டர் சிலிண்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா 340 நிமிஷம், அதாவது 5 மணி 40 நிமிஷம். அதுக்குள்ள எங்க போய் சேருவீங்கங்கிறதையும் யோசிச்சு வைங்க. ரெகுலேட்டர் மாட்டுறதை வீட்ல ரெண்டு பேர் கத்துக்கணும்.

கரண்ட் போனதும் கை தானா மெழுகுவர்த்திக்குப் போகும். ஆக்சிஜன் ஓடுற ரூம்ல மெழுகுவர்த்தி, அடுப்பு, சிகரெட் எதுவுமே கூடாது, துணியும் படுக்கையும் ஆக்சிஜன் ஏறி சட்டுனு பத்திக்கும். அந்த ரூம்ல இருக்குற தீப்பெட்டியை எடுத்துட்டு டார்ச் வைங்க, இன்னைக்கே.

சிபாப்ல காத்தை ஈரப்படுத்துற ஹ்யூமிடிஃபையரை ஆஃப் பண்ணா பேட்டரி நிறைய நேரம் வரும். நெபுலைசர் இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டு ஸ்பேசர் (இன்ஹேலர் முன்னாடி மாட்டுற குழாய் மாதிரி டப்பா) வெச்ச இன்ஹேலரையும் பழகிக்கோங்க, அதுக்கு கரண்ட் வேணாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளயோ பால்கனிலயோ ஓட்டாதீங்க, ஜன்னல்ல இருந்து 6 மீட்டராவது தள்ளி வெளிய இருக்கணும், அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இருக்காது.

7. டயாலிசிஸ்

வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொண்ணும் சுமார் 4 மணிநேரம்ங்கிற முறையில ஒரு நாள் தவறினாலே உடம்புல தண்ணியும் பொட்டாசியமும் ஏறிடும். புயல் வருதுன்னு சொன்னதுமே சென்டருக்கு ஃபோன் பண்ணி டயாலிசிஸை முன்னாடி இழுத்துக்கோங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கேட்பாங்க, முதல்ல கேட்டவங்களுக்குக் கிடைக்கும். வேற ரெண்டு சென்டரோட நம்பரும் எழுதி வைங்க.

மூணு நாள் அவசர உணவு அட்டவணை ஒண்ணை உங்க டயட்டீஷியன்கிட்ட எழுதி வாங்குங்க. அதுல தண்ணி வழக்கமான அளவுல பாதிக்கிட்டதான் இருக்கும், உப்பும் பொட்டாசியமும் ரொம்பக் கம்மியா இருக்கும். முகாம்ல கொடுக்குற வாழைப்பழம், ஜூஸ், உருளைக்கிழங்கை அன்பா நீட்டுறாங்களேன்னு வாங்கி சாப்பிட்டுடாதீங்க. உப்புக்குப் பதிலா விக்கிற உப்பு மாற்றுல பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதை தொடவே வேணாம்.

மெஷின்ல இருக்கும்போதே கிளம்ப வேண்டி வந்தா எப்படி கழட்டுறதுன்னு சென்டர் ஆளுங்ககிட்ட நேர்ல கத்துக்கோங்க. கிளாம்ப் எல்லாத்தையும் மூடிட்டு ட்யூபைப் பிரிக்கணும், ஊசியை பிடுங்கக் கூடாது, அது பாதுகாப்பான இடத்துக்குப் போனப்புறம் தெரிஞ்சவங்கதான் எடுக்கணும். அப்பா முதல்ல இதைக் கத்துக்க மாட்டேன்னாரு, "அதெல்லாம் நர்ஸ் பாத்துப்பாங்க"ன்னு. ஒரு நாள் சென்டர்ல ஃபயர் அலாரம் அடிச்சப்போ மூணு நர்ஸுக்கு பன்னெண்டு பேர் இருந்தாங்க, நல்லவேளை பொய் அலாரம், அடுத்த விசிட்லயே அவரே கேட்டுக் கத்துக்கிட்டாரு.

வயித்து வழி டயாலிசிஸ் மெஷின்ல பண்றவங்க கையால மாத்துற பை முறையையும் பழகி வெச்சுக்கோங்க. மூச்சு வாங்குறது, மல்லாக்க படுக்க முடியாம போறது, கை கால் சக்தியே இல்லாம போறது, நெஞ்சு தாறுமாறா அடிக்கிறது வந்தா மெதுவா பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

8. இப்ப பை

ரெண்டு பை. ஒண்ணு இடுப்புல கட்டுற சின்னது, அதுல நிமிஷ, மணி கணக்கு மருந்தெல்லாம் மூணு நாளுக்கு, விவரத் தாள், குளுக்கோஸ், கொஞ்சம் பணம். இது பேஷண்ட் உடம்போட இருக்கணும். இன்னொண்ணு முதுகுல மாட்டுறது, அதுல மீதி மருந்து, சிரிஞ்ச், சார்ஜர், பவர் பேங்க், கேதீட்டர் (சிறுநீர்க் குழாய்) அல்லது ஆஸ்டமி பை (வயித்துல போட்ட துளை வழியா வர்ற கழிவைப் பிடிக்கிற பை) போடுறவங்களுக்கு ரெண்டு வார செட், உதிரிக் கண்ணாடி, ஹியரிங் எய்ட் பேட்டரி, புகைக்கு என்95 மாஸ்க்.

பிரிஞ்சு போயிடுவோம்ங்கிறதாலதான் ரெண்டு. படகுலயோ வண்டிலயோ ஆளை முதல்ல ஏத்திட்டு மூட்டையை அப்புறம்னு சொல்லிடுவாங்க.

ஃபிரிட்ஜுல இருக்குறது பையில இருக்க முடியாது, அதனால வாசக்கதவோட உள்பக்கம், கண்ணு படுற உயரத்துல "இன்சுலின் - ஃபிரிட்ஜ்"னு பெருசா எழுதி ஒட்டுங்க. நாங்க முதல் தடவை ஒத்திகை பாத்தப்போ பை, தண்ணி, ஆல்பம் எல்லாம் எடுத்துட்டு தெருவுல போய் நின்னோம், அக்காவோட இன்சுலின் உள்ள இருந்துச்சு.

9. ஆளுங்க

மூணு பேர்கிட்ட பேசி வைங்க, அதுல ரெண்டு பேராவது நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். ஒருத்தரையே நம்புனா அன்னைக்குன்னு அவர் ஊர்ல இருக்க மாட்டாரு. சாவி எங்க இருக்கு, இன்ஹேலர் எப்படி அடிக்கிறது, வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயில எதையும் திணிக்காம நேரம் பாக்கணும், 5 நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ்னு அவங்களுக்குச் சொல்லுங்க, ஒரு தடவை செஞ்சு காட்டவும் சொல்லுங்க.

தீ விபத்துல லிஃப்ட் கிடையாது. மோட்டார் வீல்சேர் பலதும் நூறு கிலோவைத் தாண்டும், படியில தூக்க முடியாது, அதனால மடக்குற சாதா வீல்சேர் ஒண்ணு வேணும். தூக்குறதுக்கு முன்னாடி அந்த மனுஷனைக் கேளுங்க, எங்க பிடிச்சா வலிக்கும் எங்க பிடிக்கலாம்னு அவருக்குத்தான் தெரியும். மறதி நோய் இருக்குறவங்களுக்கு சட்டைக்குள்ள பேரும் ஃபோன் நம்பரும் தைச்சு விடுங்க, சமீபத்துல எடுத்த ஃபோட்டோ உங்க ஃபோன்ல இருக்கட்டும்.

10. மத்தவங்களுக்கு முன்னாடி கிளம்புங்க

"வெளியேறுங்க"ன்னு உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்குறது நடக்க முடிஞ்சவங்களுக்கு சரி. மெஷினும் வீல்சேரும் இருந்தா முதல் எச்சரிக்கைலயே கிளம்பணும், ரோடு காலியா இருக்கும், பேட்டரி முழுசா இருக்கும். எது நடந்தா கிளம்புறதுன்னு முன்னாடியே எழுதி வைங்க, "கரண்ட் போய் 1 மணிநேரம் ஆனா", "தெருமுனைல தண்ணி வந்தா"ன்னு. அந்த நேரத்துல வீட்ல விவாதம் நடக்கும், எழுதி வெச்சிருந்தா விவாதம் சின்னதா முடியும்.

முகாமுக்குப் போனதும் வாசல்லயே சொல்லுங்க: என்ன நோய், எப்ப அடுத்த மருந்து, பிளக் பாயின்ட் வேணுமா. கூச்சப்பட்டு ராத்திரி வரைக்கும் சொல்லாம இருந்தா பிளக் பக்கத்துல இருக்குற இடமெல்லாம் போயிடும்.

11. ஒத்திகை

ஒரு ஞாயித்துக்கிழமை சொல்லாம கொள்ளாம மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க, 15 நிமிஷத்துல எல்லாரும் வெளிய நிக்கணும். வென்டிலேட்டர், ஆக்சிஜன் இருந்தா மட்டும் அப்படி செய்யாதீங்க, பேக்கப் ஓடுதான்னு உறுதி பண்ணிட்டு, அவருக்கும் சொல்லிட்டுதான். வெளிய வந்ததும் திரும்ப உள்ள போகாம அங்கயே நின்னு நோட்டுல முதல் பக்கத்தை எடுத்து ஒவ்வொண்ணா படிங்க, எது கையில இல்லையோ அதை வட்டம் போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அதுல ஒண்ணு ராத்திரில.

12. வீட்டுக்குத் திரும்பினதும்

வெள்ளத் தண்ணி பட்ட மருந்தை, பாட்டில் மூடியே இருந்தாலும், தூக்கிப் போடுங்க. உயிர் காக்குற மாத்திரையா இருந்து, வேற கிடைக்காம, உள்ள முழுசா காஞ்சு இருந்தா மட்டும் புதுசு வர்ற வரைக்கும் சாப்பிடலாம். தண்ணி உள்ள போன இன்சுலினுக்கு இந்த விலக்கு கிடையாது.

மூடியே இருந்த ஃபிரிட்ஜ் கரண்ட் இல்லாம சுமார் 4 மணிநேரம் குளிர்ச்சியை வெச்சிருக்கும். அதுக்கு மேல போயிருந்தா இன்சுலின் பெட்டி மேல அன்னைக்குத் தேதியைப் போட்டு வெளிய எடுத்த கணக்குல வைங்க. தடுப்பூசி, மத்த ஊசி மருந்துகளுக்கு மருந்துக்கடைல கேட்காம முடிவு எடுக்காதீங்க.

மெஷின் நனைஞ்சிருந்தா காய வெச்சு ஓட்டிப் பாக்காம சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க. அன்னைக்கே இடுப்புப் பையைத் திறந்து எடுத்த மாத்திரையை எண்ணி திரும்ப நிரப்புங்க, அடுத்த மழை அடுத்த வாரமே கூட வரலாம்.